குழியும் குழவியும்

எங்கள் தெருக்கோடி வீட்டு லேப்ரடாரின் பெயர் மீனு. வயது இரண்டு முடிந்து மூன்று மாதம். காலையில் பால் பாக்கெட் போடும் பையனின் சைக்கிள் சத்தம் கேட்டதும் அது வாசல் கேட்டுக்கு ஓடிவருவதைப் பார்த்தால், அந்த உடம்பில் குறை இருக்கக்கூடும் என்று நசரத்பேட்டையில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். அதை வளர்ப்பவர் ஆவடியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அடுத்த ஹீட்டில் மீனுவை இணை சேர்க்கலாம் என்று குன்றத்தூர்ப் பக்கம் ஓர் ஆண் லேப் பார்த்து வைத்திருந்தார். ஆண் நாய் வீட்டில் “பேப்பர் இருக்கா?” என்று கேட்டார்கள், இருந்தது. தடுப்பூசி அட்டை கேட்டார்கள், அதுவும் இருந்தது. கால்நடை மருத்துவர் மட்டும் வேறொன்றைக் கேட்டார். இடுப்பு எக்ஸ்ரே.

“நல்லாத்தானே ஓடுது தம்பி. கால் ஒடிஞ்சாத்தானே எக்ஸ்ரே எடுப்பாங்க?” என்று என்னிடம் வந்து கேட்டார் அவர்.

நியாயமான கேள்விதான். நன்றாக ஓடும் நாயை எதற்காக மயக்கி, மல்லாத்தி, படம் எடுக்க வேண்டும்? பதில் தேடிப் போனவனுக்கு, ஓர் எலும்பு மூட்டு எப்படித் தன்னைத் தானே உருவாக்கிக்கொள்கிறது என்ற அதிசயம் கிடைத்தது.

பள்ளிப் புத்தகத்தில் பந்துக்கிண்ண மூட்டு என்று படித்திருப்போம். தொடை எலும்பின் தலை உருண்டையாக இருக்கும். இடுப்பெலும்பில் அதற்கென ஒரு குழி இருக்கும். ஆட்டுக்கல்லில் மாவரைத்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். குழவி குழியில் ஆழமாக உட்கார்ந்து சுழன்றால் மாவு வெண்ணெய் மாதிரி வரும். குழி ஆழமில்லாமல் குழவி ஆடினாலோ விளிம்பில் இடித்துக்கொண்டே இருக்கும். நாளடைவில் விளிம்பும் தேயும், குழவியும் தேயும்.

கல்லுக்கும் எலும்புக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஆட்டுக்கல்லின் குழியைக் கல்தச்சர் கொத்திக் கொடுத்துவிடுகிறார். நாய்க்குட்டியின் இடுப்பில் குழியைக் கொத்துவது குழவிதான். பிறந்த குட்டியின் இடுப்பு, பின்னாளில் இடுப்புக் குறை வரப்போகிற குட்டிக்கும்கூட, பார்வைக்கு ஒழுங்காகவே இருக்கிறது. அப்போது அதில் பெரும்பகுதி மெத்தென்ற குருத்தெலும்பு. குட்டி தவழ்ந்து, தடுமாறி, எழுந்து ஓடத் தொடங்கும் வாரங்களில் தொடை எலும்பின் தலை குழியின் நடுவில் அழுந்துகிறது. அந்த அழுத்தத்துக்கு ஏற்றபடி குழி ஆழமாகிறது. குழியின் பிடிக்கு ஏற்றபடி தலை உருண்டையாகிறது. ஒன்றுக்கு மற்றொன்று அச்சு. இந்த வார்ப்பு வேலையின் முக்கியப் பகுதி முதல் ஆறு மாதத்துக்குள் நடந்துவிடுகிறது.

இப்போது அந்தப் பந்து சற்றுத் தளர்வாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லிமீட்டரோ இரண்டோதான். ஒவ்வோர் அடியிலும் அது நடுவில் அழுந்தாமல் விளிம்பில் போய் ஏறுகிறது. விளிம்பு மழுங்குகிறது, குழி மேலோட்டமாகிறது, தலை தட்டையாகிறது. மேலோட்டமான குழியில் பந்து இன்னும் ஆடுகிறது. இதுதான் ஹிப் டிஸ்பிளேசியா. நாய் வளர்ப்பவர்கள் சுருக்கமாக எச்.டி. என்பார்கள். 1935-இல் ஷ்னெல்லே என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் இதை முதன்முதலாக எழுதிவைத்தபோது, அபூர்வமான குறை என்றே எண்ணினார்கள். படம் எடுக்க எடுக்கத்தான் லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, ராட்வைலர், கோல்டன் ரெட்ரீவர் என்று பெரிய உருவ இனங்களில் அது எவ்வளவு பரவியிருக்கிறது என்று தெரிந்தது. சிறிய உருவமும் தப்பவில்லை. செல்போன் விளம்பரம் ஒன்றில் சிறுவன் பின்னாலேயே ஓடி நம் வீடுகளுக்குள் நுழைந்ததே பக், அமெரிக்கப் பதிவேட்டில் இடுப்புக் கோளாறு மிகுந்த இனங்களின் வரிசையில் புல்டாக்குடன் முன்னணியில் நிற்பது அதுதான்.

பந்தைக் குழியோடு பிடித்து வைத்திருப்பவை எவை? ஓர் இணைநார் உண்டு. மூட்டைச் சுற்றி ஓர் உறை உண்டு. மூன்றாவது ஒன்றை நான் எதிர்பார்க்கவே இல்லை: ஈரம். கழுவிய எவர்சில்வர் டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்று போட்டுவிட்டு, பிறகு பிரிக்க முடியாமல் திண்டாடாத வீடு உண்டா? இரண்டு வழவழப்பான பரப்புகளுக்கு நடுவே மெல்லிய நீர்ப்படலம் இருந்தால், காற்று உள்ளே புக வழியில்லாமல், அவை ஒட்டிக்கொள்கின்றன. இடுப்பு மூட்டிலும் அப்படித்தான். சில துளிகளே உள்ள மூட்டுநீர் பந்தைக் குழியோடு உறிஞ்சிப் பிடிக்கிறது. தளர்ந்த மூட்டில் இந்த நீர் அதிகமாகிறது. நீர் கூடக் கூடப் பிடி விடுகிறது.

இத்தனையும் உள்ளே நடக்கும்போது நாய் ஓடிக்கொண்டுதான் இருக்கும். உடல் எடையில் ஏறக்குறைய நூற்றுக்கு அறுபதை நாயின் முன்னங்கால்களே சுமக்கின்றன. பின்னால் வலித்தால் இன்னும் கொஞ்சம் பாரத்தை முன்னால் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். கூர்ந்து பார்க்கிறவர்களுக்குச் சில அடையாளங்கள் தெரியலாம்: ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல்போலத் தாவுவது, படியேறும் முன் ஒரு கணம் தயங்குவது, நடையில் இடுப்பு அசைவது. பல நாய்கள் இவற்றைக்கூடக் காட்டாமல் ஏழெட்டு வயதில் மூட்டுவாதத்தோடு வந்து நிற்கும். அதற்குள் இரண்டு மூன்று ஈத்துக் குட்டிகள் ஊரெங்கும் போய்ச் சேர்ந்திருக்கும். நன்றாக ஓடும் நாயைப் படம் எடுக்கச் சொல்வது இதனால்தான். இந்தப் படம் இன்னும் பிறக்காத குட்டிகளுக்காக எடுக்கப்படுவது.

படம் எடுப்பது ஒரு தனிக் கலை. மீனுவுக்கு உடனே எடுக்கவில்லை. ஹீட்டை ஒட்டிய நாட்களில் ஹார்மோன்கள் மூட்டைத் தளர்த்திவிடக்கூடும் என்பதால் அது முடிந்து சில வாரம் போகட்டும் என்றார் மருத்துவர். பிறகு ஒரு காலை, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மதுரவாயல், கோயம்பேடு, அமைந்தகரை என்று நேராகப் போய் வேப்பேரிப் பக்கம் திரும்பினோம். 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பதாலோ என்னவோ, இந்த ஊர்க்காரர்களுக்கு நாய், மாடு என்றாலே வாயில் வருவது வேப்பேரிதான்.

நாய்க்கு மயக்கம் கொடுக்கிறார்கள். விழித்திருக்கும் நாய் தசையை இறுக்கிக்கொள்ளும், புரளும், பயப்படும். V வடிவத் தொட்டி போன்ற ஒன்றில் மல்லாக்கப் படுக்க வைத்து, பின்னங்கால் இரண்டையும் பிடித்து நேராக நீட்டுகிறார்கள். தொடைகள் இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். முழங்கால்களை உள்ளே திருப்பி, முட்டிச் சில்லு தொடை எலும்பின் நட்டநடுவில் விழும்படி நிறுத்த வேண்டும். இடுப்பு இம்மி சாய்ந்தாலும் போச்சு. ஒரு பக்கக் குழி இருப்பதைவிட ஆழமாகத் தெரியும், மறுபக்கம் மேலோட்டமாகத் தெரியும். நல்ல இடுப்பு கெட்டதாகிவிடும், கெட்டது நல்லதாகிவிடும். அதனால் படத்தைப் படிப்பவர் முதலில் மூட்டைப் பார்ப்பதில்லை. இடுப்பெலும்பின் இரண்டு சிறகுகளும் ஒரே அகலமா, கீழே உள்ள இரண்டு துளைகளும் ஒரே அளவா என்று பார்க்கிறார். இல்லையென்றால் படத்தை ஒதுக்கி வைத்துவிட்டு மறுபடி எடுக்கச் சொல்ல வேண்டும். நாயின் மைக்ரோசிப் எண்ணும் படத்திலேயே பதிந்திருக்க வேண்டும். ஒரு நாயின் நல்ல இடுப்பை இன்னொரு நாயின் பெயரில் காட்டிவிட முடியாதபடி செய்யும் ஏற்பாடு அது.

பிறகுதான் மூட்டு. குழியின் மேல்விளிம்பு பந்தின் மீது ஒரு மங்கிய கோடாக ஓடும். பந்தை முழுநிலாவாக நினைத்துக்கொண்டால், அரைநிலாவாவது அந்தக் கோட்டுக்கு உள்ளே இருக்க வேண்டும். பந்துக்கும் குழிக்கும் நடுவே உள்ள கறுப்பு இடைவெளி பிறை மாதிரி மெலிந்து, ஒரே சீராக ஓட வேண்டும். உள்பக்கம் அகன்றிருந்தால் பந்து வெளியே நகர்கிறது என்று பொருள். அடுத்து ஒரு கணக்கு. இரண்டு பந்துகளின் மையங்களையும் ஒரு கோட்டால் இணைத்து, மையத்திலிருந்து குழியின் முன்விளிம்புக்கு மற்றொரு கோடு இழுத்தால் வரும் கோணத்துக்கு நோர்பெர்க் கோணம் என்று பெயர். 105 பாகை அல்லது அதற்கு மேல் இருந்தால் பந்து ஆழமாக உட்கார்ந்திருக்கிறது. கடைசியாக, தொடை எலும்பின் கழுத்தில் மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறதா என்று தேடுகிறார்கள். மார்கன் கோடு என்பார்கள். மூட்டுறை இழுபட்டு இழுபட்டு, அது ஒட்டியிருக்கும் இடத்தில் எலும்பு புடைக்கத் தொடங்கியதன் முதல் தடம் அது. குறை வலியாக மாறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே எலும்பு இதை எழுதி வைத்துவிடுகிறது. ஒளிப்பெட்டியில் அந்தக் கோட்டை எனக்கு விரலால் காட்டியபோது, உடம்பு நமக்குத் தெரியாமல் ஒரு நாட்குறிப்பு வைத்திருக்கிறது என்றே தோன்றியது.

மதிப்பெண் போடும் முறை நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 1966-இல் தொடங்கிய ஓ.எஃப்.ஏ. அறக்கட்டளை, ஒரு படத்தை மூன்று கதிரியக்க வல்லுநர்களிடம் தனித்தனியாகக் கொடுத்து, மிகச் சிறப்பு என்பதிலிருந்து கடும் பாதிப்பு என்பது வரை ஏழு படிகளில் ஒன்றில் வைக்கிறது. இறுதிச் சான்றுக்கு நாய்க்கு 24 மாதம் நிறைந்திருக்க வேண்டும். பிரிட்டனில் ஒவ்வோர் இடுப்பிலும் ஒன்பது அம்சங்களைப் பார்த்து, பக்கத்துக்கு 53 வரை குறைப்புள்ளி போடுகிறார்கள். இரண்டு பக்கமும் சேர்த்து 106 வாங்கிய நாய்தான் வகுப்பில் கடைசி. சுழியம் வாங்கியது முதல். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் ஏ முதல் இ வரை ஐந்து தரம். ஜெர்மன் ஷெப்பர்டுகளுக்கு ஜெர்மனியிலேயே 1960-களிலிருந்து தனி முத்திரை உண்டு.

நம் நாட்டில் 2017-இல் வந்த நாய் இனப்பெருக்க விதிகள், 18 மாதம் நிறையாத பெட்டை நாயை இணை சேர்க்கக் கூடாது என்கின்றன. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. நல்ல விதிகள். ஆனால் 18 மாதத்தில் சுத்தமாகத் தெரிந்த இடுப்பு, 24-இல் வேறு மாதிரித் தெரியலாம். சென்னையிலிருந்து இயங்கும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியா தரும் பேப்பரில் நாயின் முன்னோர் பெயர்கள் இருக்கும். அந்தப் பெயர்களுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றின் இடுப்புத் தரமும் இருந்தால் அந்தத் தாளின் மதிப்பே வேறு. வாங்குபவர்கள் “பேப்பர் இருக்கா?” என்று கேட்டுப் பழகிவிட்டோம். “படம் இருக்கா?” என்று கேட்கப் பழகவேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன்.

இனி, இந்தப் படத்தையே கேள்வி கேட்டவர் கதை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கெயில் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர் 1980-களில் ஓர் ஐயத்தை எழுப்பினார். நோயின் வேர் தளர்வு. ஆனால் நாம் காலை நேராக நீட்டி, உள்ளே திருப்பிப் படம் எடுக்கிறோம். ஈரத்துணியின் ஒரு முனையைப் பிடித்து முறுக்கினால் என்ன ஆகும்? இறுகும். மூட்டுறையும் அப்படித்தான் முறுக்கேறி இறுகி, பந்தைக் குழிக்குள் தள்ளிவிடுகிறது. தளர்வைத் தேடிப் போகும் படம், தளர்வை மறைத்துவிடுகிறது.

அவர் வேறு விதமாக எடுத்தார். மயங்கிய நாயின் கால்களை, அது நிற்கும்போது இருக்கும் கோணத்திலேயே விட்டார். தொடைகளுக்கு நடுவே இரண்டு உருளைகள் கொண்ட ஒரு கருவியை வைத்து, முழங்கால்களை மெல்ல உள்பக்கம் அழுத்தினார். நெம்புகோல் போல, தொடை எலும்பின் தலைகள் வெளிப்பக்கம் நகர்ந்தன. எவ்வளவு நகர முடியுமோ அவ்வளவு. அந்தக் கணத்தில் படம். பந்தின் மையம் குழியின் மையத்திலிருந்து விலகிய தூரத்தைப் பந்தின் ஆரத்தால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். சுழியம் என்றால் அசைவே இல்லை. ஒன்று என்றால் பந்து வெளியே வந்துவிட்டது. 0.30-க்குக் கீழே உள்ள நாய்களுக்குப் பின்னாளில் மூட்டுவாதம் வருவது அரிது என்று அவர் குழு கண்டது. நீட்டி எடுத்த படத்தில் நன்றாகத் தெரிந்த இடுப்புகளில் பல, இந்த முறையில் பல மடங்கு தளர்வைக் காட்டின. பென்ஹிப் என்று அழைக்கப்படும் இதை 16 வார வயதிலேயே செய்யலாம்.

தளர்வைக் கையால் உணரும் சோதனை ஒன்று இதற்கும் முந்தியது. அது மனிதக் குழந்தையிடமிருந்து நாய்க்கு வந்தது. 1930-களில் இத்தாலியில் ஒரு தாய், குழந்தைக்குத் துணி மாற்றும்போதெல்லாம் இடுப்பில் ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்கிறது என்று சொல்ல, அதைத் தட்டிக்கழிக்காமல் காதுகொடுத்துக் கேட்டவர் மரினோ ஓர்டோலானி என்ற குழந்தை மருத்துவர். வழுகிய பந்து குழிக்குள் திரும்பி விழும் சத்தம் அது. இன்றும் பிறந்த குழந்தையின் தொடைகளை மடக்கி விரித்து மருத்துவர்கள் பார்ப்பது அவர் பெயரால் வழங்கும் சோதனைதான். நாய்க்குட்டிகளுக்கும் அதே சோதனை, அதே பெயர். கால்களை நேராக நீட்டி இறுகச் சுற்றி வைக்கும் வழக்கமுள்ள சமூகங்களில் குழந்தைகளுக்கு இடுப்பு நழுவல் அதிகம். ஜப்பானில் 1970-களில் அப்படிச் சுற்ற வேண்டாம் என்று இயக்கமே நடத்தி, அதை வெகுவாகக் குறைத்தார்கள். நம் ஊரில் அம்மாவும் ஆயாவும் பிள்ளையைக் கால் அகட்டி இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்கிறார்களே, அந்த இருப்பில் பந்து குழியின் ஆழத்தில் போய் உட்கார்கிறது. குழந்தையின் இடுப்பு நன்றாக அமையத் தாயின் இடுப்பே உதவுகிறது.

நாய்க்குட்டிக்கு எது உதவும்? முதலில், அளவான சோறு. அமெரிக்காவில் 48 லேப்ரடார் குட்டிகளை உடன்பிறப்பு இணைகளாகப் பிரித்து, ஒன்று சாப்பிட்டதில் கால் பங்கு குறைத்து மற்றதற்குக் கொடுத்து, வாழ்நாள் முழுக்கக் கவனித்தார்கள். இரண்டு வயதில் எடுத்த படங்களில், நிறையச் சாப்பிட்ட 24-இல் 16 நாய்களுக்கு இடுப்புக் குறை. அளவாகச் சாப்பிட்ட 24-இல் ஏழுக்கு மட்டும். ஒரே தாய், ஒரே தந்தை, ஒரே இடம். தட்டு மட்டும்தான் வேறு. 2002-இல் வந்த முடிவின்படி, அளவாகச் சாப்பிட்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு, மற்றவற்றுக்கு 11.2. “கொழுகொழுன்னு இருக்கு” என்று குட்டியைப் பாராட்டும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வந்து நெஞ்சு கனக்கிறது. தரையும் முக்கியம். நார்வேயில் ஏறத்தாழ 500 பெரிய இன நாய்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2012-இல் வந்தது. மூன்று மாதத்துக்குள் தினமும் மாடிப்படி ஏறிய குட்டிகளுக்கு ஆபத்து கூடியிருந்தது, கட்டில்லாமல் வெளியே மண்தரையில் ஓடி விளையாடியவற்றுக்குக் குறைந்திருந்தது. மெருகேற்றிய டைல்ஸில் குட்டியின் பின்னங்கால்கள் விரிந்து வழுக்குவதைப் பார்த்துச் சிரிக்கிறோம். நசரத்பேட்டையில் இன்னும் காலி மனைகள் மிச்சம் இருக்கின்றன. குட்டிக்கு அவையே நல்ல பள்ளிக்கூடம்.

சோறும் தரையும் இவ்வளவு செய்யும் என்றால், படம் எதைச் சொல்கிறது? இங்கேதான் நான் வெகுநேரம் நின்றேன். எக்ஸ்ரேவில் எலும்பு தெரியும், மரபணு தெரியாது. எச்.டி. ஒரே ஒரு மரபணுவால் வருவதன்று; பலவும் சேர்ந்து வருவது. பழுதான வித்தைச் சுமந்துகொண்டே, அளவான சோற்றாலும் மண்தரையாலும் அழகான இடுப்போடு ஒரு நாய் நிற்கலாம். அதன் வித்து எப்படி என்று அறிய, கூடப் பிறந்தவற்றையும் அது ஈன்றவற்றையும் பார்க்க வேண்டும். நல்ல இடுப்புள்ள எட்டுச் சகோதரர்களில் ஒன்று என்பதும், எட்டில் தப்பிய ஒன்று என்பதும் வெவ்வேறு செய்தி. பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களை வளர்க்கும் நியூஜெர்சியின் ‘சீயிங் ஐ’ நிறுவனம் இதைச் செய்து காட்டியது. ஒவ்வொரு நாயின் படத்தோடும் அதன் உறவுகள் அத்தனையின் படங்களையும் சேர்த்துக் கணக்கிட்டு, இணைகளைத் தேர்ந்தெடுத்தது. ஐந்து தலைமுறைக்குள், ஜெர்மன் ஷெப்பர்டுகளில் நூற்றுக்கு 55 ஆக இருந்த குறை 24 ஆனது. லேப்ரடார்களில் 30 என்பது 10 ஆனது. 1997-இல் வெளியான கணக்கு. புது மருந்தோ அறுவையோ எதுவும் தேவைப்படவில்லை. படங்களை எடுத்தார்கள், நல்லது கெட்டது எதையும் ஒளிக்காமல் சேர்த்து வைத்தார்கள், படித்தார்கள்.

மீனுவின் படம் வந்தது. வலது இடுப்பு நன்றாக இருக்கிறது. இடதில் பந்து பாதிக்குச் சற்றுக் குறைவாகவே குழிக்குள் இருக்கிறது. கழுத்தில் அந்த மயிரிழைக் கோடு. இப்போதைக்கு வலி இருக்காது, எடை ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், குட்டி வேண்டாம் என்றார் மருத்துவர். திரும்பி வரும் வழியில் மீனுவை வளர்ப்பவர் அதிகம் பேசவில்லை. மயக்கம் தெளியாத தலையை அவர் மடியில் வைத்துக்கொண்டு மீனு தூங்கியது.

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது, பழைய டைரி ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தார். மீனுவோடு பிறந்தவை ஏழு. அவற்றை வாங்கியவர்களில் நாலு பேர் நம்பர் அவரிடம் இருந்தது. “கூடப் பொறந்ததுங்களையும் பாக்கணும்னு சொன்னியே தம்பி” என்றார். திருமழிசையில் ஒன்று, நன்றாக இருக்கிறது என்றார்கள். படம் எடுத்துப் பார்க்கச் சொன்னார். திருவேற்காட்டில் ஒருவர் போன் எடுக்கவில்லை. மூன்றாவது காட்டுப்பாக்கம். போனை ஸ்பீக்கரில் போட்டார்.

“நம்ம டைகரா? சூப்பரா இருக்கான் சார். கார்ல மட்டும் தானா ஏறமாட்டான். சின்னதுலேருந்தே நாங்கதான் தூக்கி வெப்போம். அவ்ளோ செல்லம்.”

அவர் பேனாவை எடுத்து, டைரியில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டார்: காரில் ஏறாது. எக்ஸ்ரே எடுக்கணும்.